உழவு மெசின் பெற்றறியில் ஓடிய சிரிப்பு

"பழைய டிவி நகைச்சுவைகளை நினைத்தால் ஏன் இவ்வளவு ஏக்கம் வருகிறது? அந்தக் காலத்துக் கருவிகளில் உங்களால் மறக்க முடியாதது எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: மாமாவின் உழவு மெசின் (டிராக்டர்) பெற்றறி.

எங்கள் ஊர் மட்டக்களப்பில் படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். வாவிக்கு மேற்கே பொழுது படுகிற கரை. 2014 இல் மண்முனைப் பாலம் வரும்வரை அக்கரைக்குப் போகக் கிட்டிய வழி பாதைதான். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நான் சிறுவனாக இருந்த 1990களில் ஊருக்குக் கரண்டு வரவில்லை. குப்பி விளக்கும் அரிக்கன் லாம்பும்தான்.

ஆனால் அம்மம்மா வீட்டில் டிவி இருந்தது. பதினான்கு அங்குலம், கறுப்பு வெள்ளை, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடக்கூடியது. பின்பக்கம் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் முதலை வாய் கிளிப். பொழுது பட்டதும் மாமா உழவு மெசினைக் கொண்டுவந்து விறாந்தையோடு ஒட்டி நிறுத்துவார். கிளிப்பைப் பெற்றறியில் கொழுவினால் படம் வரும். மூங்கில் கம்பில் கட்டிய அன்டெனா மேற்கே மலைப்பக்கம் பார்த்தபடி நிற்கும். அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் தொடங்கியபோது பெரிய கோபுரத்தைப் பிதுருதலாகல மலையில்தான் வைத்தார்கள். இலங்கையின் ஆக உயர்ந்த மலையிலிருந்து வயலும் காடும் தாண்டி எங்கள் முற்றத்துக்கு வந்த படம் அது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

பெற்றறிக்குச் சார்ஜ் ஏறுவது மெசின் ஓடினால்தான். அதனால் எங்கள் டிவிக்கும் வேளாண்மைக்கும் ஒரே பருவம். புரட்டாதி, ஐப்பசியில் முன்மாரி உழவு நடக்கும்போது பகல் முழுக்க மெசின் வட்டையில், அதாவது வயல்வெளியில், நிற்கும். இரவில் படம் பளிச்சென்று வரும். விதைப்பு முடிந்து மெசின் சும்மா நிற்கிற வாரங்களில் பெற்றறி இறங்கிவிடும். அப்போது படம் திடீரென்று அணையாது. நாலு ஓரத்திலும் கறுப்பு ஏறி, படம் உள்ளே உள்ளே சுருங்கிக்கொண்டு வரும். படக்குழாயில் கதிரை இழுத்து விரிக்கிற சுருளுக்குப் போதுமான வலு கிடைக்காததால்தான் அப்படி என்று பிற்காலத்தில் படித்தேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, படம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியளவுக்குச் சுருங்கினால் மாமா எழும்பி வந்து வயரைக் கழற்றிவிடுவார் என்பது மட்டும்தான். சண்டைக் காலம். சில இரவுகளில் பெற்றறி நன்றாக இருக்கும்போதே, தூரத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் கழற்றிவிடுவார். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டோம்.

நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம். வாரத்தில் எப்போதாவது தமிழ். அம்மம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு ஒன்றும் தெரியாது. செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்த்தே இன்றைக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லிவிடுவார். நாங்கள் ஒன்பது பிள்ளைகள், எங்களுக்கும் பெரிதாக விளங்காது. மாமா ஒருவருக்குத்தான் சிங்களம் தெரியும். மற்றவர்கள் சிரிக்க வேண்டுமென்றால் அவர் மொழிபெயர்க்க வேண்டும், அதற்குள் அடுத்த பகிடி வந்துவிடும்.

பிறகு, 1997 என்று நினைக்கிறேன், சொந்தத்துக்குள் ஒரு சாமத்தியச் சடங்கு. அக்கரையிலிருந்து டெக் (வீடியோ கசட் ஓடவிடும் கருவி), கலர் டிவி, லைட் எஞ்சின் (ஜெனரேட்டர்) மூன்றையும் வாடகைக்குப் பிடித்துப் பாதையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து அரை ஊர் இருந்தது. படம் முடிய இரவு இரண்டு மணிக்கு மேல் இருக்கும். சனம் எழும்பத் தொடங்கிவிட்டது. டெக்காரர் கொப்பியை, அதாவது வீடியோ கசட்டை, உடனே வெளியே எடுக்காமல் ஓடவிட்டார்.

அந்தக் கொப்பிகளில் 'ஈ-180' என்று போட்டிருக்கும், அதாவது 180 நிமிட நாடா. படம் இரண்டேகால் மணித்தியாலம் என்றால் கடைசியில் முக்கால் மணித்தியாலம் மிஞ்சும். பதிந்து விற்பவர்கள் அந்த மிச்சத்தை வீணாக்காமல் எதையாவது போட்டு நிரப்புவார்கள். பாட்டு வரும், மல்யுத்தம் வரும். அன்றைக்கு வந்தது மிஸ்டர் பீன்.

முதல் பகுதி, சோதனை எழுதுகிற காட்சி. பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், பொம்மையை மேசையில் நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்க்கக் கழுத்தை வளைப்பார். எழும்பிய சனம் அப்படியே நின்றது. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்ப இருந்தார்கள். பள்ளிக்கூடப் படியே மிதிக்காத அம்மம்மாதான் முதலில் சிரித்தார். "இஞ்ச பாருகா, களவாப் பாக்கான்" என்று பக்கத்தில் இருந்த மாமியின் தொடையில் தட்டிச் சிரித்தார். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சோதனை எழுதியவனும் எழுதாதவளும் ஒரே நொடியில் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் டிவிக்கு முன்னால் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இந்த ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்டால், அந்த நொடியிலிருந்துதான் வருகிறது.

அம்மம்மாவுக்கு அது புதிதாகவும் தெரியவில்லை. "நம்மட மகிடி மாதிரித்தான்" என்றார். சித்திரை வருசத்தோடு ஊரில் மகிடிக்கூத்துப் போடுவார்கள். கும்பத்தை எடுக்க வருகிறவனை மந்திரத்தால் கட்டிப்போட, அவன் விறைப்பான், விழுவான், உருளுவான். பேச்சு கொஞ்சம்தான், உடம்புதான் கதை சொல்லும். அதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு மிஸ்டர் பீனை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் எதற்கு?

மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. 1987 இல் கனடாவின் மொன்றியல் நகரில் நடந்த நகைச்சுவை விழாவில், ஆங்கில மேடை இருக்கும்போதே, தன்னைப் பிரெஞ்சு மேடையில் போடுங்கள் என்று கேட்டு ஆடியிருக்கிறார். தன் மொழி தெரியாதவர்களுக்கும் சிரிப்பு வருகிறதா என்று பார்க்க. டிவியில் முதல் பகுதி வந்தது 1990 ஜனவரி 1. எல்லாம் சேர்த்தே பதினைந்து பகுதிகள்தான். இன்னொன்று, அந்த மனிதர் படித்தது மின் பொறியியல். வயரும் பெற்றறியும் தெரிந்த ஆள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

பிறகு சாதாரண டிவியிலும் அவரைப் போடத் தொடங்கினார்கள். அந்தக் கிழமைகளில் அம்மம்மா பின்னேரமே மாமாவிடம் "தம்பி, பெற்றறி எப்பிடி?" என்று கேட்டுவிடுவார். ஒரு ஐப்பசி இரவு, பெற்றறி ஏற்கெனவே பலவீனம். மாமா செய்தியைக்கூட வேண்டாம் என்று மிச்சம் பிடித்து மிஸ்டர் பீனுக்காக வைத்தார். பாதியில் ஓரம் கறுக்கத் தொடங்கியது. மாமா எழும்பினார். அம்மம்மா அவர் கையைப் பிடித்து, "முடியட்டும் மனே" என்றார். மாமா இருந்துவிட்டார். படம் சுருங்கச் சுருங்க நாங்கள் பாயோடு அரைந்து அரைந்து கிட்டப் போனோம். கடைசியில் ஒன்பது தலையும் ஒரு கொப்பியளவு வெளிச்சத்தைச் சுற்றி நின்றன. அதற்குள் அந்த மனிதர் என்ன செய்தார் என்று எனக்கு நினைவில்லை. பின்னுக்கிருந்து அம்மம்மா "ஆர் மனே உள்ளுக்கு இருந்து சிரிக்கிற?" என்று கேட்டது நினைவிருக்கிறது. ஸ்டூடியோவில் ஆட்களை இருத்திச் சிரிப்பைப் பதிவு செய்கிறார்கள் என்று மாமா சொன்னார். அவர்களும் நம்மைப் போலத்தான் என்று அம்மம்மாவுக்கு நல்ல திருப்தி.

விடிந்ததும் மெசின் ஸ்டார்ட் வரவில்லை. திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த டிவிக்கு ஒன்றேகால் ஆம்பியர் போதும். மெசினைக் கிளப்புகிற மோட்டருக்கு அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அது பழைய பெற்றறி, இரவு சிரித்த சிரிப்பே அதற்குக் காணும். வட்டையில் உழவு காத்துக்கொண்டிருக்கிறது. மழை எப்போது வரும் என்று தெரியாது. மாமா கோபிப்பார் என்று பயந்துகொண்டு நின்றோம். அவர் சீட்டில் ஏறி இருந்துகொண்டு சொன்னார்: "சிரிச்ச ஆக்கள் எல்லாரும் வந்து தள்ளுங்க."

தள்ளினோம். டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை, சில்லு உருண்டால் போதும். வாய்க்கால் கட்டுச் சரிவு வரை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனோம். திரும்பிப் பார்த்தால் அம்மம்மா, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மட்காட்டில் இரண்டு கையையும் வைத்து எங்களோடு தள்ளிக்கொண்டிருக்கிறார். சரிவில் மாமா கிளச்சை விட்டதும் மெசின் இருமிப் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகைக்குள் நின்று எல்லாரும் சிரித்தோம். பீனைப் பார்த்துச் சிரித்ததைவிட அதிகமாக.

அம்மம்மா இப்போது இல்லை. டெக் கொப்பிகள் வாவிக்காற்றின் ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. போன சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போனபோது, அதே விறாந்தையில் இருந்து மாமாவுக்கு என் போனில் அந்தச் சோதனைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். வீட்டில் இப்போது கரண்டு இருக்கிறது, மேலே காற்றாடி சுற்றுகிறது. சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தச் சொல்லி, போனை வாங்கிக்கொண்டு எழும்பிப் போய்ச் சார்ஜரில் குத்தினார். 63 வீதம் இருந்தது. பிறகு கதிரையைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "இப்ப மறுகா போடு" என்றார்.