ஒரே லீக்கிலிருந்து ஆறு பேர்: செல்டிக் வாங்கிய ஜப்பானிய வீரர்கள் பற்றிக் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்துக் கிளப் ஜப்பானின் ஜே லீக்கிலிருந்து அடுத்தடுத்து ஆட்டக்காரர்களை வாங்கியது குறித்து நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, இயன்றவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் இருக்கையில், ஒரு கிளப் ஒரே வெளிநாட்டு லீக்கையே திரும்பத் திரும்ப நாடுவது ஏன்? தேடுவதற்குச் சோம்பலா?

பதில்: சோம்பலால் அப்படிச் செய்யும் கிளப்புகளும் உண்டு. செல்டிக்கின் கதை வேறு. 2021 ஜூனில் பயிற்சியாளராக வந்த ஆஞ்ச் போஸ்டெகோக்லூ, அதற்கு முன் 2018 தொடங்கி யோகோஹாமா எஃப். மரினோஸ் அணியை நடத்தியவர். 2019இல் அந்த அணிக்கு ஜே லீக் பட்டத்தையும் வென்று தந்தவர். அவர் வந்த அடுத்த மாதமே விஸல் கோபேயிலிருந்து முன்கள வீரர் கியோகோ ஃபுருஹாஷி வந்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் டைசென் மைடா, ரியோ ஹடாடே, யோசுகே இதேகுச்சி ஆகிய மூவரின் வருகையும் ஒரே மூச்சில் அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் டொமோகி இவாடாவும் யூகி கோபயாஷியும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் ஆறு பேர் ஆயினர். மைடாவும் இவாடாவும் அவரிடமே மரினோஸில் ஆடியவர்கள். மற்றவர்களை அவர் எதிரணிப் பக்கத்திலிருந்து பார்த்தவர். மற்ற கிளப்புகள் காணொளியிலும் அறிக்கையிலும் தேடிக்கொண்டிருந்ததை இவர் மூன்று ஆண்டுகளாக மைதான ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார். செல்டிக் உண்மையில் வாங்கியது அந்தப் பார்வையைத்தான் என்பது என் கணிப்பு.

கேள்வி: இப்போது எல்லாவற்றுக்கும் புள்ளிவிவரம் இருக்கிறதே. நேரில் பார்த்தவருக்கு மட்டும் தெரிவது என்ன?

பதில்: ஹடாடேயை எடுத்துக்கொள்ளுங்கள். கவாசாகி ஃப்ரொன்டாலேவிலும் 2021 டோக்கியோ ஒலிம்பிக் அணியிலும் அவரை இடது பின்கள வீரராகவே பலரும் பார்த்தார்கள். இடது பின்கள வீரர் வேண்டும் என்று பட்டியலைச் சல்லடை போட்டுத் தேடியிருந்தால், உயரம் குறைந்த, வலது காலால் ஆடும் இவர் பெயர் முதல் பக்கத்தில் வந்திருக்காது. போஸ்டெகோக்லூ அவரை நடுக்களத்தில் நிறுத்தினார். 2022 பிப்ரவரி 2 அன்று இரவு, முதலிடத்தில் இருந்த ரேஞ்சர்ஸுடன் ஆட்டம். ஹடாடே செல்டிக்கின் ஊரான கிளாஸ்கோவுக்கு வந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து அவர் அடித்த பந்து வலைக்குள் போயிற்று; 42ஆவது நிமிடத்தில் இன்னொன்று; அடுத்த இரண்டு நிமிடத்தில் அவர் குறுக்கே அனுப்பிய பந்தை லியல் அபாடா கோலாக்கினார். இடைவேளைக்கு முன்பே 3-0. அந்த வெற்றியால் ஒரு புள்ளி வித்தியாசத்தில் முதலிடத்துக்கு ஏறிய செல்டிக், பட்டத்தையும் வென்றது.

கேள்வி: விலை மலிவு என்பதுதானே அடிப்படைக் காரணம்?

பதில்: அது ஒரு காரணம். கியோகோவை வாங்கச் செல்டிக் கொடுத்ததாகச் செய்திகளில் வந்த தொகை சுமார் 46 லட்சம் பவுண்டு. அடுத்த ஆண்டே, 2022-23 பருவத்தில், அவர் லீக்கில் மட்டும் 27 கோல்கள் அடித்தார். ஐரோப்பாவின் நடுத்தர லீக் ஒன்றில் அந்தத் திறமைக்கு இதைவிடப் பல மடங்கு கேட்டிருப்பார்கள். ஜப்பானில் பலர் பல்கலைக்கழகக் கால்பந்து ஆடி முடித்த பிறகே தொழில்முறை ஆட்டத்துக்கு வருகிறார்கள். கியோகோவும் ஹடாடேயும் அப்படி வந்தவர்களே. செல்டிக்கில் சேரும்போது கியோகோவுக்கு வயது 26. இருபது வயதுக்காரரை வாங்கி விற்று லாபம் பார்க்க நினைக்கும் கிளப்புகள் இந்த வயதைப் பார்த்ததும் கைவிட்டுவிடும். அந்த இடைவெளியில்தான் விலை இறங்கியிருந்தது.

கேள்வி: பிரிட்டனில் பணி அனுமதி பெறுவது கடினம் என்கிறார்களே?

பதில்: 2021 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் உட்பட வெளிநாட்டு வீரர்கள் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதலைப் பெற்றே பிரிட்டனில் ஆட முடியும் என்றாயிற்று. நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள், ஆடும் லீக்கின் தரவரிசை, களத்தில் இருந்த நிமிடங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. விதி இறுகியதென்னவோ உண்மை. ஆனால் அதற்கு முன் பிரான்ஸ் வீரர் தடையின்றி உள்ளே வர, ஜப்பான் வீரர் மட்டும் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தொலைதூர லீக்குகளின் பக்கம் பார்வை திரும்பியதில் இதற்கும் பங்குண்டு.

கேள்வி: ஜே லீக் வீரர்களை ஜனவரியில் எடுப்பது ஏன்? நடுப்பருவத்தில் வருபவருக்குக் களைப்பு இருக்காதா?

பதில்: நல்ல கேள்வி. நாள்காட்டியைக் கவனிக்காதவர்கள்தாம் இதில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அந்த ஆண்டுகளில் ஜே லீக் பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. எனவே ஜனவரியில் ஜப்பானியக் கிளப் தன் பருவத்தை முடித்திருக்கும். நட்சத்திர வீரரைப் பாதியில் இழக்கும் சங்கடம் அதற்கு இல்லாததால் பேச்சுவார்த்தை சுமுகமாக முடியும்.

சிக்கல் வீரரின் காலில் இருக்கிறது. கியோகோ ஜூலையில் வந்தவர். 2021 பிப்ரவரியில் கோபேக்காகப் பருவத்தைத் தொடங்கி, 15 லீக் கோல்கள் அடித்துவிட்டு, இடையில் ஓய்வென்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் ஸ்காட்லாந்தின் புதிய பருவத்துக்குள் நுழைந்தார். டிசம்பரில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதனோடு டிசம்பர் 19 அன்று லீக் கோப்பை இறுதியாட்டத்தில் இறங்கி, ஹைபர்னியனுக்கு எதிராக இரண்டு கோல்களும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். ஒரு வாரத்தில் மீண்டும் அதே தசை. பிறகு ஏப்ரல் வரை அவர் களத்துக்குத் திரும்பவில்லை. கோப்பை கிடைத்ததே என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் அவரை இறக்கியது சரியான முடிவென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஜே லீக் 2026 முதல் ஐரோப்பாவைப் போல ஆகஸ்டில் தொடங்கும் முறைக்கு மாறுவதால், இனி இந்தக் கணக்கையே புதிதாகப் போட வேண்டும்.

கேள்வி: ஒரே நாட்டவர் பலர் சேர்ந்தால் அணிக்குள் தனிக் குழுவாகிவிட மாட்டார்களா?

பதில்: இந்தக் கேள்விக்கு எப்போதும் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட்டைச் சுட்டுவார்கள். 2013 ஜனவரியில் அந்தக் கிளப் பிரான்ஸின் முதல்நிலை லீக்கிலிருந்து ஒரே மாதத்தில் ஐந்து பேரை வாங்கியது: மாத்யூ டெபுஷி, யோவான் குஃப்ரான், மஸாடியோ ஹைடாரா, மாப்பூ யங்கா-ம்பிவா, மூஸா சிஸோகோ. ஏற்கெனவே அங்கே யோஹான் கபாய் போன்ற பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். முந்தைய பருவத்தில் ஐந்தாம் இடம் பிடித்த அணி, அந்தப் பருவத்தை 16ஆம் இடத்தில் முடித்தது. பழியை மொழியின் தலையில் போடுவது எளிது. அந்த ஐவரும் வந்ததே அணி தரவரிசையின் அடிப்பகுதியில் தத்தளித்தபோதுதான் என்பதை மறந்துவிடுகிறோம். சிஸோகோ தம் இரண்டாவது ஆட்டத்திலேயே செல்சிக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்து 3-2 என்ற வெற்றியைத் தந்தார். அவருடைய துலூஸ் ஒப்பந்தத்தில் ஆறு மாதமே மிச்சம் இருந்ததால் சொற்பத் தொகைக்குக் கிடைத்தவர். 2016இல் டாட்டன்ஹாம் அவரை மூன்று கோடி பவுண்டுக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. குழு சேர்வதைவிட, மூழ்கும் வேளையில் ஐந்து பேரை ஒன்றாக இறக்கி உடனே கரைசேர்க்கச் சொல்வதே எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

கேள்வி: செல்டிக் எடுத்த ஆறு பேரும் ஜொலித்தார்களா?

பதில்: இல்லை. இதேகுச்சிக்கு வாய்ப்பு மிகக் குறைவாகவே கிடைத்தது. காயமும் சேர்ந்துகொள்ள, 2023இல் லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட) ஜப்பானுக்கே திரும்பினார். 2017இல் சைதாமாவில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தவர் அவர். அன்று ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளராக நின்றவர் சாட்சாத் இதே போஸ்டெகோக்லூ. கோபயாஷியும் நிலைக்கவில்லை. 2022இன் ஜே லீக் சிறந்த வீரர் விருதோடு வந்த இவாடா, பெரும்பாலும் மாற்று வீரராகவே ஆடிவிட்டு 2024இல் பர்மிங்காமுக்குப் போனார். ஆறில் மூவர் தூண்களாக நின்றார்கள் என்பதே என் கணக்கு. இந்தத் தொழிலில் அது மிக நல்ல விகிதம்.

கேள்வி: அண்ணா, நம் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணிகளில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

பதில்: கொல்கத்தாவில் வெற்றி, தோல்வி என்று இரண்டு பாடங்களும் கிடைக்கும். 2019இல் ஏ.டி.கே. அணி, ஆஸ்திரேலியாவின் ஏ லீக்கில் ஆடிய வெலிங்டன் ஃபீனிக்ஸிலிருந்து ராய் கிருஷ்ணா, டேவிட் வில்லியம்ஸ் இருவரையும் சேர்த்தே எடுத்தது. அந்தப் பருவத்தின் இறுதியில் நம் சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. மோகன் பகானோடு இணைந்த பிறகும் அந்த வழக்கம் விடவில்லை. பிரண்டன் ஹாமில், ஜேசன் கம்மிங்ஸ், ஜேமி மக்லாரன், டாம் ஆல்ட்ரெட் ஆகியோர் ஏ லீக்கிலிருந்தே வந்தார்கள். 2025 ஏப்ரல் இறுதியாட்டத்தில் பெங்களூருவுக்கு எதிராகக் கம்மிங்ஸ் பெனால்டியில் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் மக்லாரன் வெற்றிக் கோலை அடித்தார்.

காரணங்கள் வெளிப்படையானவை. ஏ லீக்கில் அணிகளின் ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதன் பருவம் மே மாதத்தில் முடிய, நம்முடையது அந்த ஆண்டுகளில் செப்டம்பரிலோ அதன் பின்னரோ தொடங்கியது. கியோகோவுக்குக் கிடைக்காத ஓய்வு இவர்களுக்குக் கிடைத்தது. 2021-22இல் ஆசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த வீரர் ஒருவர் கட்டாயம் என்ற விதி வந்தபோது, 2006 முதலே அதில் உறுப்பினரான ஆஸ்திரேலியா கைகொடுத்தது.

மறுபாடம் ஈஸ்ட் பெங்கால். பிரிஸ்பேன் ரோரின் பயிற்சியாளராக இருந்த ராபி ஃபௌலர் 2020இல் அங்கே வந்தபோது, அதே அணியின் ஸ்காட் நெவில், ஆரன் அமாடி-ஹாலோவே ஆகியோரையும் உடன் கொண்டுவந்தார். 11 அணிகளில் ஒன்பதாம் இடந்தான் கிடைத்தது. ஒரு லீக்கை அறிந்திருப்பது வேறு, பழகிய முகங்களை அழைத்துவருவது வேறு.

கேள்வி: வீரரை வளர்த்த சிறுவயதுக் கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு மாறும்போது, வாங்கும் கிளப் தரும் பரிமாற்றத் தொகையில் 5 விழுக்காட்டை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. தொகை 40 லட்சம் பவுண்டு என்றால், 15 வயது வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் 10,000, அதன்பின் ஆண்டுக்கு 20,000.

கேள்வி: அந்தப் பயிற்சியாளர் போன பிறகு வழி அடைபட்டுவிடுமா?

பதில்: போஸ்டெகோக்லூ 2023 ஜூனில் லண்டனின் டாட்டன்ஹாமுக்குப் போனார். அடுத்த மாதமே செல்டிக் கொரிய லீக்கிலிருந்து யாங் ஹியுன்-ஜுன், குவோன் ஹியோக்-கியு இருவரை வாங்கியது. ஜனவரியில் வந்திருந்த ஓ ஹியோன்-கியுவையும் சேர்த்தால் மூன்று கொரியர்கள். குவோன் சில மாதங்களில் லோனில் செயின்ட் மிர்ரனுக்கு அனுப்பப்பட்டார். ஓ 2024இல் பெல்ஜியத்தின் கென்க்கிற்கு விற்கப்பட்டார். பக்கத்து நாடு, ஒத்த விலை, அதே கிளப். ஆனால் அந்த லீக்கில் மூன்று ஆண்டுகள் நின்று பார்த்தவர் யாரும் கிளாஸ்கோவில் இல்லை.

மைடாவின் கதையோ வேறாயிற்று. 2021இல் ஜே லீக்கில் 23 கோல்களோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவரைச் செல்டிக்கில் நெடுநாள் இடது ஓரத்தில் ஓடவிட்டார்கள். எதிரணிப் பின்கள வீரர் பந்தைத் தொடுமுன் அவர் மேல் பாய்ந்துகொண்டிருப்பதே வேலை. 2025 ஜனவரியில் கியோகோ பிரான்ஸின் ரென் அணிக்குப் போனதும் மைடா நடுமுன்களத்துக்கு நகர்ந்தார், கோல்கள் குவிந்தன, ஸ்காட்லாந்தின் சிறந்த வீரர் விருதும் வந்தது. அழைத்துவந்தவர் அப்போது லண்டனில் இருந்தார்.