கண்ணாடிக் குழாயும் கண்ணாடி விரியனும்

அன்புள்ள மேடம்,

ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். மாதிரித் தாளில் ஒரு கேள்வி: பாம்புக்கடிக்கான 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்கு எந்தக் குழாய்? பிளாஸ்டிக் குழாய், ஊதா மூடிக் குழாய், சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாய், புதிய கண்ணாடிக் குழாய் என நான்கு விடைகள். மூன்றாவதைக் குறித்தேன், தப்பாம். கழுவியதில் என்ன குறை? ரத்தம் உறைந்துவிட்டால் ஆளை வீட்டுக்கு அனுப்பலாமா? குழந்தைக்கு ஏ.எஸ்.வி. (பாம்பு விஷ முறிவு மருந்து) அளவைக் குறைக்க வேண்டாமா?

வாசகி, மன்னார்குடி

அன்புள்ள தங்கைக்கு,

நான்காவதுதான் விடை. இந்தச் சோதனையில் ரத்தத்தை உறைய வைப்பது கண்ணாடியின் பரப்பு. ரத்தம் அதில் பட்டதும் பன்னிரண்டாம் உறைவுக் காரணி தூண்டப்படும். சோப்புப் படலம் ஒட்டியிருந்தால் அது நடக்காது, பிளாஸ்டிக்கிலும் சரிவர நடக்காது. விஷம் ஏறாதவர் ரத்தம்கூட, விஷம் ஏறியவர் ரத்தம் போலத் தண்ணீராக நிற்கும். தேவையே இல்லாமல் ஏ.எஸ்.வி. ஏறும். ஊதா மூடிக் குழாயில் உறைவதைத் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது, அதில் யார் ரத்தமும் உறையாது.

சிரையிலிருந்து 2 மி.லி. எடுத்து, சிரிஞ்சிலேயே தேக்கி வைக்காமல் உடனே குழாயில் விட்டு, நேரத்தை எழுதி ஒட்டி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அறை வெப்பம் போதும். 20 நிமிடம் கை படக் கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து ஆட்டுவதுதான் வார்டில் நடக்கும் பெரிய தப்பு; கட்டும் கட்டி உடைந்துபோகும். குழாய் மேல் சந்தேகம் இருந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தை அதே மாதிரிக் குழாயில் விட்டு ஒப்பிடலாம்.

உறைந்தால் அனுப்பலாமா? கூடவே கூடாது. கடித்துச் சிறிது நேரமே ஆகியிருக்கலாம். முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒரு தரம், பிறகு மணிக்கு ஒரு தரம் சோதனை செய்து, 24 மணி நேரம் கண்காணிக்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சோதனை ரத்தத்தைக் கெடுக்கும் விரியன்களுக்குத்தான். வரப்பிலோ வைக்கோல் போரிலோ கடித்தது கண்ணாடி விரியன் என்றால் குழாய் காட்டிக்கொடுக்கும். தரையில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், கடித்த தடமே தெரியாது, ரத்தம் அழகாக உறையும். ஆனால் இமை தொங்கும். அது கட்டுவிரியன். அங்கே குழாயை விட்டுவிட்டு, மேலே பார்க்கச் சொல்லுங்கள், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார் என்று கேளுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுக்குழாய் போடத் தயாராகுங்கள்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏ.எஸ்.வி. ஒரே அளவு. ஆளின் எடையைப் பார்த்தா பாம்பு விஷத்தை இறக்குகிறது? முதலில் பத்துக் குப்பி. (வயல் என்று எழுதினால் நம் ஊரில் நெல் நினைவு வந்துவிடும்.) குழந்தைக்குக் குறைப்பது கலக்கும் சலைனை மட்டும்தான். ஒவ்வொரு குப்பிக்கும் 10 மி.லி. மலட்டு நீர் விட்டு, உள்ளங்கையில் உருட்டிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைக்கும். மருந்து ஒவ்வாமைக்கான தோல் சோதனை தேவையில்லை, அது எதையும் முன்கூட்டிச் சொல்லாது. அரிப்பு, தடிப்பு, நடுக்கம் எது தெரிந்தாலும் ஏ.எஸ்.வி.யை நிறுத்திவிட்டு, 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. (பெரியவருக்கு) தொடைத் தசையில் போட வேண்டும். அதை முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றி வைத்திருங்கள்.

ஏ.எஸ்.வி. ஏற்றிய ஒரு மணி நேரத்தில் ரத்தம் உறையவில்லையே என்று பதற வேண்டாம். மருந்து விஷத்தைத்தான் முறிக்கும், உறைவுப் பொருளைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து.

டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது என்றும் கேட்பார்கள். ரத்தம் உறையத் தொடங்கிய பிறகு. உறையாத ரத்தத்தோடு தசையில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். அட்ரினலினுக்கு மட்டும் விதிவிலக்கு; அங்கே உயிர் முந்துகிறது.