தமிழ் தெரிந்த நாய்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன், கணக்கர் வேலை. நாய் வளர்க்க ரொம்ப ஆசை, ஆனால் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சுங்கை தெங்கா பக்கம் உள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தொண்டூழியம் செய்யப் போனேன். முதல் வாரம் கூண்டு கழுவ மட்டும்தான் விட்டார்கள், நாயைத் தொடவே விடவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாய் என்னைப் பார்த்ததும் மூலையில் ஒடுங்கி, நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். "மனுஷனுக்கே சோறில்ல, நீ நாய்க்குப் போய்க் கூண்டு கழுவுறியா?" என்கிறார் கணவர். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இதற்கான மனசு இல்லையோ? மூன்றாவது வாரம் போகவா, வேண்டாமா?

வாசகி, ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தச் சிறுநீர் விஷயம். அது உங்களைப் பிடிக்காமல் செய்த காரியம் இல்லை. 'நான் சண்டைக்கு வரவில்லை, என்னை விட்டுவிடு' என்று பயந்த நாய் சொல்கிற விதம் அது. நீங்கள் நேராக நின்று அதன் கண்ணைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் குனிந்து, தலையைத் தடவக் கை நீட்டியிருப்பீர்கள். நானும் முதல் மாதம் முழுக்க அதைத்தான் செய்தேன். வெளியில் வளர்ந்த நாய்க்கு மனிதர் குனிவது நல்ல சகுனம் இல்லை. 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர்கள் நாம். குனிந்தால் எதற்கு என்று நமக்கே தெரியும்!

பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, அடுத்த முறை அந்தக் கூண்டுக்குள் போய், நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருங்கள். அவித்த கோழித் துண்டு நாலைந்து பக்கத்தில் போட்டுவிட்டுப் போனைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் போதும். பின்னால் வந்து முகர்ந்தாலும் திரும்பாதீர்கள். வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். மறுவாரம் அதே நேரத்துக்குப் போய் அதையே செய்யுங்கள். ஐந்தாறு வாரம் ஒன்றுமே நடக்காது. எனக்கு ஒரு பெட்டை பதினோராவது வாரம்தான் முதல் துண்டை எடுத்தாள்.

உங்களை நாயைத் தொட விடாததில் கோபம் வேண்டாம். இந்த நாய்களை நடத்திக் கூட்டிப்போகும்போது இரண்டு லீஷ் (பிடிகயிறு) போடுவோம், கழுத்துப் பட்டையில் ஒன்று, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னெஸில் ஒன்று. ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மிரண்டு பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும் நாய்கள் இவை. தப்பினால், லிம் சூ காங் பக்கப் புதர்களில் வாரக்கணக்கில் தேட வேண்டும். புதியவர் கையில் கொடுக்க யோசிக்கத்தானே செய்வார்கள்.

கூண்டு கழுவுவதைக் கீழான வேலை என்று உங்கள் கணவர் மட்டும் நினைக்கவில்லை, நீங்களும் கொஞ்சம் நினைக்கிறீர்கள் என்று படுகிறது. மலம் நேற்றுப் போல் கெட்டியாக இருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா, சோறு மிச்சமா, விரலிடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் மருத்துவரைவிடக் கழுவுகிறவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். இந்த வெயிலுக்கும் மழைக்கும் உண்ணிக் காய்ச்சல் இங்கே சகஜம். ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுத்திருந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். குட்டிகள் இருக்கும் பகுதியில் மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைக்கச் சொல்வார்கள், அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். (குட்டியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிராப் டாக்சி கூப்பிடுகிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களைவிட, பஸ்ஸில் அழுதுகொண்டே போனவர் திரும்ப வருவதற்கு வாய்ப்பு அதிகம்.)

சரி, கணவர் கேட்ட கேள்வி. அதற்கு என்னிடம் வாதம் இல்லை. கருப்பனைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் காப்பகத்தில் ஒரு கறுப்பு நாய் வந்து சேர்ந்தான். ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள், மாண்டரினில் கூப்பிட்டார்கள், காதைக்கூட அசைக்கவில்லை. நாலு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். காது கேட்காதோ என்றுகூட ஒருவர் சந்தேகப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூண்டைக் கழுவிக்கொண்டே ஊரில் இருக்கும் தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "டேய், சாப்டியா?" என்று கேட்டேன். கருப்பன் தலையைத் தூக்கினான். வால் ஒரே ஒரு தடவை தரையில் தட்டியது. தம்பி அந்தப் பக்கம் "ம்ம், சாப்டேன்" என்றான். நான் குழாயை மூடிவிட்டு, இந்த முறை நாயைப் பார்த்துக் கேட்டேன். "சாப்டியாடா?" வால் நிற்கவே இல்லை.

அவனைப் பிடித்து வந்தவரிடம் அப்புறம் விசாரித்தேன். கட்டுமானத் தளம் ஒன்றில் வளர்ந்தவனாம். அந்த மாதிரி இடங்களில் காவலுக்கென்று யாரோ ஒரு குட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள், அல்லது பக்கத்துக் காட்டிலிருந்து தானே வந்து ஒட்டிக்கொள்ளும். சோறு போடுவது ஊழியர்கள். கட்டடம் முடிந்ததும் ஊழியர்களை வேறு தளத்துக்கு, வேறு விடுதிக்கு மாற்றுவார்கள். நாயை மாற்ற மாட்டார்கள். அது அங்கேயே நின்று குடும்பம் பெருக்கும், பக்கத்துப் புளோக்குக்காரர்கள் புகார் செய்வார்கள். முன்பெல்லாம் புகார் வந்தால் பிடிப்பார்கள், பிடிபட்டதில் பல கருணைக்கொலையில் முடியும். 2018-இல்தான் பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடுவது அல்லது திரும்ப விடுவது என்று அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தீவில் அப்போது சுமார் 7,000 தெருநாய்கள் என்று கணக்கு. ஐந்து வருடத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை செய்வது இலக்கு.

கருப்பனைப் பிடிக்கப் போனபோது அவன் கூண்டுப் பொறிக்குள் நுழையவே இல்லையாம். மூன்று நாள் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்த ஒரு தமிழ்த் தம்பியே அவனை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாராம். மறுவாரம் அவருக்கு வேறு இடம். "பருப்புச் சோறுதான் சாப்பிடுவான், கறி போட்டுப் பழக்கமில்ல" என்றாராம். "நல்லா பாத்துக்குவாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாராம்.

உங்கள் கணவர் சொல்லும் 'சோறில்லாத மனுஷன்' பட்டியலில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும் அந்தத் தம்பி கட்டாயம் இருப்பார். அவர் தன் டிபன் பாக்ஸிலிருந்து பிரித்துக் கொடுத்த சோற்றில்தான் இந்த நாய் வளர்ந்தது. இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் வாக்குவாதம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வீணாகும்.

மாமியாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பைரவர் வாகனம் என்றெல்லாம் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள், அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் அது பலிக்கவும் இல்லை. ஆனால் எப்போதாவது மனசு மாறினால் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சின்ன இனங்களில். காப்பகங்களில் இருக்கும் கலப்பின நாய்களுக்கு அந்தக் கதவு 2012-இல் 'அடோர்' திட்டத்தோடுதான் திறந்தது. முதலில் 50 செ.மீ. உயரம், 15 கிலோ எடை என்று வரம்பு. 2020-இல் எடை வரம்பை எடுத்துவிட்டு, உயரத்தை 55 செ.மீ. ஆக்கினார்கள். தோள் வரைக்குமான உயரம்தான் கணக்கு. நாய்க்குக் கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், கீழ்ப்படிதல் பயிற்சி எல்லாம் வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு உரிமம் வருடத்துக்கு 15 வெள்ளி (டாலர்), செய்யாததற்கு 90.

கருப்பனை நாங்கள் மூன்று முறை அளந்தோம். ஒரு முறை அவன் குனிந்து நிற்கும்போது அளந்தால் என்ன என்றுகூட ஒருவர் கேட்டார். 58 செ.மீ. அந்த மூன்று சென்டிமீட்டருக்காக அவனை விரும்பி வந்த ஒரு தெம்பனிஸ் குடும்பம் திரும்பிப் போனது. இந்த வரம்பு இல்லாத தரைவீட்டுக்காரர் (தனி வீட்டுக்காரர்) யாரும் இதுவரை கேட்டு வரவில்லை. வயதான கறுப்பு நாயை யார் முதலில் பார்க்கிறார்கள்?

அதனால் மூன்றாவது வாரம் போங்கள். பழைய துண்டு இருந்தால் எடுத்துப் போங்கள், எந்தக் காப்பகத்திலும் துண்டு போதவே போதாது. வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கூண்டு கழுவும்போது தமிழில் ஏதாவது பேசிக்கொண்டே கழுவுங்கள், யார் காது நிமிர்கிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போவது எங்கள் காப்பகமாகவே இருந்தால், மூன்றாம் வரிசையில் கடைசிக் கூண்டு கருப்பனுடையது. இப்போது கறியும் சாப்பிடுகிறான்.

அன்புடன்,
அக்கா