அமெரிக்காவில் உள்ளூர் கிறிஸ்தவ வானொலிகள் விளம்பரமே இல்லாமல் எப்படி ஓடுகின்றன?

ஒரு ஊரையோ வட்டாரத்தையோ மட்டும் எட்டி, பாடல், பிரசங்கம், ஜெபம் என ஒலிபரப்பும் நிலையம்தான் உள்ளூர் கிறிஸ்தவ வானொலி. கதை பழையது. 1921 ஜனவரி 2 அன்று பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையம் கால்வரி ஆலய ஆராதனையை நேரடியாக ஒலிபரப்பியது. நிலையம் தொடங்கி இரண்டே மாதம்! வந்த தொழில்நுட்ப ஆட்கள் கண்ணை உறுத்தாமலிருக்க, அவர்களுக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்களாம்.

சரி, பணம்? இவற்றில் பல, லாபநோக்கற்ற உரிமத்தில் நடப்பவை. எஃப்எம்மில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை இத்தகைய நிலையங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பொருளை விளம்பரம் செய்ய அங்கே அனுமதி இல்லை; அதனால் நேயர்களின் நன்கொடைதான் முதுகெலும்பு. கடைக்காரர் உதவினால் பெயரைச் சொல்லி நன்றி கூறலாம். விலையைச் சொல்வதும் "உடனே வாங்குங்கள்" என்பதும் கூடாது. நம்மூர்ப் பந்தலில் டியூப்லைட்டில் 'உபயம்: இன்னார்' என்று எழுதுவோமே, கிட்டத்தட்ட அதேதான்.

2000-இல் குறைந்த சக்தி எஃப்எம் உரிமம் வந்தபின் சிறு சபைகளும் நுழைந்தன. உச்சவரம்பு 100 வாட், எட்டும் தூரம் சுமார் 5 கிலோமீட்டர். அப்புறம், ஆள் பற்றாக்குறைதான் பெரும்பாடு. இரவில் பெரும்பாலும் கணினியே பாடல்களை ஓட்டும்.

அரசு உரிமம் தருவதால் அரசே செலவையும் ஏற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; உரிமம் என்பது அலைவரிசையைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே.