சுவருக்கு அந்தப் பக்கம் யார்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வகைக் கதையைப் பற்றியவை: அடுக்குமாடிக் குடியிருப்பு, புதிதாகக் குடிவரும் ஒருவர், போகப் போக மிரட்டலாக மாறும் அக்கம்பக்கம். எழுத்தாளர்களும் குறும்பட இயக்குநர்களும் கேட்டிருப்பதால், அவற்றை மட்டும் எடுத்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் நாவலின் முதல் அத்தியாயத்திலேயே எதிர்வீட்டுத் தம்பதி முறைக்கிறார்கள், பட்டென்று கதவைச் சாத்துகிறார்கள். படித்தவர்கள் எல்லோரும் 'வில்லன் யாரென்று அப்போதே தெரிந்துவிட்டது' என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

முறைப்பை எடுத்துவிட்டு உதவி செய்ய வையுங்கள். சாமான் இறக்கும் நாளில் லிஃப்டைப் பிடித்து நிறுத்துபவர்கள், கூரியர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிவைப்பவர்கள், 'அவசரத்துக்கு ஒரு சாவி எங்ககிட்ட இருக்கட்டும்' என்பவர்கள் அவர்களாகவே இருக்கட்டும். முகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது இந்தக் கதைக்கு ஒட்டாது. நம்மைப் பற்றி அவர்களுக்குத் தெரியக் கூடாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறதே, அதுதான் வாசகரைப் பிடிக்கும்.

ஓர் உதாரணம். குடிவந்த மூன்றாம் நாள் காலை, படிக்கட்டில் எதிர்வீட்டு அம்மா கேட்கிறார்: "ராத்திரி பூரா பாத்ரூம் குழாய் சொட்டிக்கிட்டே இருந்துச்சே, தூங்கினியாம்மா?" சுவர் மெல்லிசு போல என்று நாயகி நினைத்துக்கொள்கிறாள். வாசகரும் கடந்துபோய்விடுவார். நாற்பது பக்கம் கழித்து, ஒழுகலைப் பார்க்க வந்த பிளம்பர் குழாய் போகும் வழியைக் காட்டும்போது, அந்த பாத்ரூமுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில் படிக்கட்டும் லிஃப்ட் கூண்டும் இருப்பது அவளுக்கு உறைக்கிறது. சொட்டுச் சத்தம் அங்கே போய்ச் சேர வழியே இல்லை. வீட்டுக்குள் நின்றவருக்குத்தான் அது கேட்டிருக்கும்.

இப்படி எழுத, முதல் வரிக்கு முன்பே தளப்படம் வேண்டும். ஒரு தளத்தில் எத்தனை வீடு, எது எதோடு சுவரைப் பகிர்கிறது, எந்த ஜன்னல் எந்த பால்கனியைப் பார்க்கிறது, பைப் ஷாஃப்ட் (எல்லா மாடிக் குழாய்களும் போகும் செங்குத்துக் கூண்டு) எங்கே இறங்குகிறது என்று கட்டம் போட்ட தாளில் வரைந்து மேஜைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். வரையாமல் எழுதினால் பாதிக் கதையில் ஒரு சுவர் இடம் மாறிவிடும். த்ரில்லர் வாசகர்கள் அதைக் கட்டாயம் கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: பக்கத்து ஃப்ளாட்டில் கொலைத் திட்டம் பேசுவதை நாயகி சுவரில் காது வைத்துக் கேட்கிறாள். இது நம்பும்படி இருக்குமா?

முழு வாக்கியங்களாகக் கேட்டால் நம்ப முடியாது. கணக்கைப் பாருங்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். இரண்டு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் அதில் ஏறக்குறைய 45-ஐ விழுங்கிவிடும். மிஞ்சும் 15 டெசிபல், மின்விசிறி ஓடும் அறையில் காணாமலே போகும். கத்திச் சண்டை போட்டால் 80 வரை எழும். 35 வந்து சேரும். நள்ளிரவு, விசிறி நின்றிருக்கிறது என்றால் அது கேட்கும், ஆனால் முணுமுணுப்பாகத்தான்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சுவர் தாழ்ந்த அதிர்வெண்களை ஓரளவு விட்டுவிடும், உயர்ந்தவற்றை நன்றாகத் தடுக்கும். குரலின் ஏற்ற இறக்கமும் உயிரொலிகளும் தாழ்ந்த பக்கம். சொல்லைச் சொல்லாக்கும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 2000 ஹெர்ட்சுக்கு மேலே. எனவே ஆண் குரலா பெண் குரலா, கோபமா கெஞ்சலா என்பது தெரியும். என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. 'நாளைக்குள்ள அவகிட்ட சொல்லணும்' என்றதும் 'நாளைக்குள்ள அவள கொல்லணும்' என்றதும் சுவருக்கு இந்தப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். இதைவிட நல்ல தடயத்தை நீங்களாக யோசித்தாலும் செய்ய முடியாது. நாயகி ஒன்றைக் கேட்டதாக நம்பட்டும். அது சரியா என்று வாசகர் கடைசிவரை தவிக்கட்டும்.

சொற்கள் தெளிவாகக் கேட்டே ஆக வேண்டுமென்றால் சுவரை விட்டுவிட்டு வேறு வழியாகக் கொண்டுவாருங்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் ஒரே ஷாஃப்டுக்குள் திறந்தால், ஃபேன் நின்றிருக்கும் நேரத்தில் கீழ்வீட்டுப் பேச்சு அப்படியே ஏறிவரும். அருகருகே உள்ள திறந்த ஜன்னல்கள் இன்னொரு வழி. மூன்றாவது வழி பலருக்குத் தோன்றாது: ஒரே சுவரின் இரு பக்கமும் சுவிட்ச் பாக்ஸ்கள் முதுகோடு முதுகாக அமைந்திருந்தால், அந்த இடத்தில் செங்கல்லே கிடையாது. படுக்கைக்குப் பக்கத்து பிளக் பாயின்டிலிருந்து குரல் வருகிறது என்று எழுதிப் பாருங்கள்.

மேல்தளத்துச் சத்தம் வேறு ரகம். நாற்காலி இழுப்பது, குதிகால் நடை, பொருள் விழுவது எல்லாம் கான்கிரீட் தளத்திலேயே நேரடியாக இறங்குவதால் துல்லியமாகக் கேட்கும். திசை மட்டும் ஏமாற்றும். நேர் மேல்வீடு என்று நினைப்பது குறுக்காக உள்ள வீடாக இருக்கலாம். நாயகி மேலே போய்ச் சண்டை பிடிக்கிறாள். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

கேள்வி: பூட்டிக் கிடக்கும் அந்த ஃப்ளாட்டில் யாரோ இருப்பதை, கதவை உடைக்காமல் நாயகி எப்படி அறிவாள்? கதவிடுக்கில் வெளிச்சம் என்பது சலித்துவிட்டது.

கீழ்த்தளத்து மீட்டர் போர்டுக்கு அனுப்புங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போன வீட்டில் சிமிட்டலே இருக்காது. 10 வாட் வைஃபை ரூட்டர் மட்டும் ஓடினால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. 100 வாட் இழுக்கும் ஃபிரிட்ஜ் என்றால் 11 விநாடிக்கு ஒருமுறை. 2000 வாட் வாட்டர் ஹீட்டர் போட்டால் ஒரு விநாடிக்குள் கிட்டத்தட்ட இரண்டு.

காட்சி இப்படி அமையலாம். 'ஆறு மாசமா ஆளே இல்ல' என்று வாட்ச்மேன் சொன்ன வீட்டின் மீட்டர், காலை ஐந்தரைக்குப் படபடவென்று அடிக்கிறது. பத்து நிமிடம் கழித்துச் சட்டென்று மெதுவாகிறது. யாரோ குளிக்க வெந்நீர் போட்டிருக்கிறார்கள்.

மறுப்புக்கும் வழி வைக்க வேண்டும். ஹீட்டரை டைமரில் விட்டுப்போனோம் என்று வீட்டுக்காரர் போனில் சொல்லிவிடலாம். எந்தத் தடயத்துக்கும் குற்றமற்ற விளக்கம் ஒன்று கைவசம் இருக்கட்டும், அதுவும் நம்பும்படியான விளக்கமாக. அது இல்லாத தடயம் நேரே போலீஸிடம் போய்விடும், கதை அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு திருப்பமும் இங்கேயே ஒளிந்திருக்கிறது: மீட்டர்களில் ஒட்டிய வீட்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம். இத்தனை நாள் அவள் கண்காணித்தது தப்பான வீடு.

கேள்வி: லிஃப்ட் கயிற்றை அறுத்துக் கொல்வதாக க்ளைமாக்ஸ் வைத்திருக்கிறேன். சரியா?

வேண்டாம். பயணிகள் லிஃப்டில் பல கயிறுகள் இருக்கும். எல்லாமே போனாலும், வேகம் எல்லை மீறியதும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பிடிப்பானைத் தூண்டி, அது லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்திவிடும். லிஃப்டுக்குப் பாதுகாப்புப் பிடிப்பானைக் கொண்டுவந்த எலிஷா ஓட்டிஸ் 1854-இலேயே நியூயார்க் கண்காட்சியில், தான் நிற்கும் மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டிய அடிப்படைதான் இது. லிஃப்ட் விழாமலே பயம் தரும். நாயகி தரைத்தளத்தை அழுத்துகிறாள். லிஃப்ட் மேலே ஏறுகிறது, ஏனென்றால் மொட்டை மாடித் தளத்தில் யாரோ அவளுக்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டார்கள். இரு தளங்களுக்கு நடுவில் நின்றால் அலாரம் பேட்டரியில் அடிக்கும். அந்த மணி கீழே வாட்ச்மேன் நாற்காலிக்கு மேல் அடிக்கிறது, நாற்காலி காலி.

கேள்வி: சிசிடிவியும் செல்போனும் வந்த பிறகு இந்த வகைக் கதையே சாத்தியமா?

தாராளமாக. கேமராக்கள் பொதுவாக நுழைவாயில், பார்க்கிங், லிஃப்டுக்குள் என்று இருக்கும். வெளியாள் வந்தால் பதிவாகும். நான்காம் தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்குப் படியில் இறங்கியவர் எதிலும் இருக்க மாட்டார். 'அன்றிரவு வெளியாள் யாரும் வரவில்லை' என்று கேமரா நிரூபிப்பதே உங்கள் கதைக்கு லாபம். சந்தேகம் மொத்தமும் கட்டடத்துக்குள் திரும்பிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். எத்தனை நாள் நிற்கும் என்பது டிஸ்கின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. நாயகி ஒரு வாரம் தயங்கினாள் என்பதாலேயே ஆதாரம் அழிந்துபோகலாம். ரெக்கார்டரின் கடிகாரம் யாரும் திருத்தாமல் சில நிமிடம் பிந்தி ஓடுவதும் வழக்கம்; 'அந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன்' என்ற அலிபி ஒன்றை உடைக்க அது போதும். செல்போன் டவர் இருப்பிடம் ஒரு பகுதியைத்தான் காட்டும். எந்த மாடி, எந்தக் கதவு என்று சொல்லாது.

கேள்வி: அவள் ஏன் போலீஸுக்குப் போகவில்லை, ஏன் வீட்டைக் காலிசெய்யவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. அவளைப் போக வையுங்கள், அதுவும் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள். போலீஸ் வருகிறது, பக்கத்து வீட்டார் மரியாதையாக உட்காரவைத்துப் பதில் சொல்கிறார்கள், பதில் பொருந்துகிறது. புகார் கொடுத்தது யார் என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும். போலீஸ் வந்துபோனதே அவள் நிலைமையை மோசமாக்குகிறது. காலிசெய்யாமல் இருக்க உருப்படியான காரணம் கொடுங்கள்: குறைந்தது பதினொரு மாதம் இருந்தாக வேண்டிய ஒப்பந்தம், அசைக்க முடியாத நிலையில் படுத்திருக்கும் அப்பா. 'உண்மையைக் கண்டுபிடிக்காமல் போகமாட்டேன்' என்ற வீராப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: கட்டடத்தில் எல்லோருமே கூட்டாளிகள் என்று முடிக்கலாமா?

கூடிய மட்டும் தவிர்க்கவும். இருபது பேர் ஒரு ரகசியத்தைக் காக்க இருபது பேருக்கும் தனித்தனி லாபம் வேண்டும். செய்பவர் இருவர், தெரிந்தும் வாய் திறக்காதவர் மூவர் என்பது வலுவான அமைப்பு. அந்த மூவருக்கும் காரணம் கட்டடத்திலேயே கிடைக்கும். இடித்துக் கட்டும் திட்டத்துக்கு ஒரு கையெழுத்து பாக்கி, அசோசியேஷன் கணக்கில் கைவைத்தது தெரிந்துவிட்டது, பழைய குடித்தனக்காரர் காணாமல் போனதை அன்றே சொல்லாமல் விட்டது. மௌனமானவர்களின் அத்தியாயத்தை ஆழமாக எழுதுங்கள். வில்லனைவிட அவர்களைத்தான் வாசகருக்கு அடையாளம் தெரியும்.

கேள்வி: கையில் ஒரே ஒரு ஃப்ளாட்தான் இருக்கிறது. முழுக் குறும்படத்தையும் அதற்குள்ளேயே எடுக்க முடியுமா?

முடியும். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) படத்தில் கேமரா பெரும்பாலும் கால் முறிந்த புகைப்படக்காரரின் அறையை விட்டு வெளியே போவதில்லை. அதில் கற்க வேண்டியது முடிவு: கொலைகாரன் அறைக்குள் வரும்போது நாயகனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் கேமரா ஃபிளாஷ். உங்கள் பாத்திரத்தின் தொழிலே கடைசியில் கைகொடுக்கட்டும்.

கதவின் பீப் ஹோலையும் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது, சிறு வெளிச்சப் புள்ளி மட்டும் தெரியும். உள்ளே ஒருவர் கண் வைத்தால் அந்தப் புள்ளி இருண்டுவிடும். நாயகி சத்தமில்லாமல் வந்து நின்று பார்க்கிறாள். வெளியே நிற்பவர் நிமிர்ந்து நேரே துளையைப் பார்த்துச் சிரிக்கிறார். இதற்கு வீட்டுக்குள் விளக்கு எரிய வேண்டும், நடைவழி மங்கலாக இருக்க வேண்டும். ஒளியமைப்பு மாறினால் காட்சி வேலை செய்யாது.

கேள்வி: குளோரோஃபார்ம் கைக்குட்டை?

மூக்கில் வைத்த நொடியில் யாரும் மயங்குவதில்லை. சில நிமிடங்கள் விடாமல் சுவாசிக்க வேண்டும். அத்தனை நேரம் ஒருவர் திமிறினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கேட்டும் அவர்கள் கதவைத் திறக்கவில்லை என்றால், அந்தக் காட்சியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.