கணினி கேள்வி-பதில்: வைஃபைக்குப் போன் நம்பரே பாஸ்வேர்டா?

கே: வீட்டு வைஃபைக்கு என் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறேன். ரவுட்டரில் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை இருக்கிறது. பத்து இலக்கம் போதாதா?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: போதாது. போன் ரவுட்டரோடு சேரும்போது இரண்டுக்கும் நடுவே நான்கு செய்திகள் போய்வரும். பாஸ்வேர்டு அதில் அப்படியே போகாது. ஆனால் ஒருவர் ஊகிக்கும் பாஸ்வேர்டு சரியா என்று பார்க்கப் போதுமான தடயம் இருக்கும். தெருவில் நிற்பவர் உங்கள் போனின் இணைப்பைத் துண்டித்தால் அது தானாக மறுபடி சேரும். அந்தச் செய்திகளைப் பதிவுசெய்துகொண்டு போனால் போதும், பிறகு அவர் உங்கள் தெருப் பக்கமே வரவேண்டாம். தன் கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்ப்பார். ரவுட்டருக்கு எதுவும் தெரியாது. மூன்று தடவை தப்பினால் பூட்டிவிடும் என்ற பேச்சே இல்லை.

ஒவ்வொரு ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்கு உண்டு. வேகத்தைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படியும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 5 லட்சம் எண்களைச் சோதித்துவிடும். நம் செல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி. 8,000 நொடி, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். உங்கள் நம்பர் தெரிந்த பால்காரருக்கு அதுவும் தேவையில்லை!

பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துவரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை அகராதியைக் கண்ணை மூடித் திறந்து எடுங்கள். நெல்லையப்பர்123, தாமிரபரணி வகையறா வேண்டாம். ரவுட்டரில் அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3 இருந்தால் அதற்கு மாறுங்கள். அதில் ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே நேரில் கேட்டாகவேண்டும், பதிவு செய்ததை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. பழைய போன்களுக்காக இரண்டும் கலந்த முறையை வைத்தால், அவை டபிள்யூபிஏ2-இல்தான் சேரும் என்பதை மறக்கவேண்டாம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு எண்ணைப் போட்டுச் சேரும் டபிள்யூபிஎஸ் பின் வசதியையும் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்று பெயர். இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சியே போதும் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

கே: குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறோம். சீசனில் எல்லா அறைக்கும் ஒரே பாஸ்வேர்டு. வைஃபை பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்பா?
– வாசகர், தென்காசி

ப: இல்லை. யாராவது சேரும்போதெல்லாம் அந்தப் பெயர் காற்றில் வெளிப்படையாகவே போகும். உங்கள் சிக்கல் வேறு: டபிள்யூபிஏ2-இல் பாஸ்வேர்டு தெரிந்த ஒரு விருந்தினர், இன்னொருவர் சேருவதைப் பதிவுசெய்தால் அவருடைய போக்குவரத்தைப் பிரித்துப் படிக்கலாம். வங்கித் தளங்கள் தனியாகப் பூட்டியிருப்பதால் தப்பும். விருந்தினருக்குத் தனி நெட்வொர்க் கொடுத்து, ஒருவர் கருவி இன்னொருவர் கருவியை அணுகாமல் தடுக்கும் ஏபி ஐசொலேஷனை இயக்குங்கள். பில் போடும் கணினியும் கேமரா பெட்டியும் அதில் இருக்கவே கூடாது.

கே: கல்லூரி ஹாஸ்டல் வைஃபையில் சேரும்போது போன் 'சிஏ சர்டிஃபிகேட்' கேட்கிறது. 'சரிபார்க்க வேண்டாம்' என்று போடச் சொல்கிறார்கள் சீனியர்கள்.
– மாணவி, திருநெல்வேலி

ப: போடாதீர்கள். எதிரே இருப்பது கல்லூரியின் சர்வர்தானா என்று போன் பார்ப்பது அந்தச் சர்டிஃபிகேட்டை வைத்துத்தான். அதே பெயரில் யாராவது ஒரு போலி ரவுட்டர் வைத்தால் உங்கள் போன் அதையும் நம்பி, பாஸ்வேர்டிலிருந்து உருவான பதிலைக் கொடுத்துவிடும். பல இடங்களில் உள்ள எம்எஸ்சாப்-வி2 என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையில் அந்தப் பதிலின் பலம், டெஸ் என்ற பழைய பூட்டு முறையின் 56 பிட் சாவிதான். அதை உடைக்க முடியும் என்று 2012-இல் காட்டிவிட்டார்கள். கல்லூரி கணினிப் பிரிவில் சர்டிஃபிகேட் கோப்பையும் சர்வரின் டொமைன் பெயரையும் கேட்டு வாங்கி இரண்டையும் போனில் பதியுங்கள். டொமைன் கட்டத்தைக் காலியாக விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.