இயற்கைச் சந்தன எண்ணெய் உண்மையில் எப்படி மணக்கும்? நான் வாங்கியது அசல்தானா?

கேட்டவர் ஒரு சிறு குப்பி வாங்கியிருக்கிறார். சந்தன சோப்பின் மணம் அதில் இல்லையாம். ஏமாந்துவிட்டேனோ என்று கவலைப்படுகிறார், இதற்கு ஏன் இவ்வளவு விலை என்றும் கேட்கிறார். அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்னிடம் இருந்த இரண்டு குப்பிகளில் சோப்பைப் போலக் கமகமவென்று மணந்ததுதான் போலி.

முதலில் அந்தக் கதை. பத்து வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில், கடையின் பெயர் வேண்டாம், 'நூறு வீதம் சுத்தம்' என்று எழுதிய குப்பி ஒன்றை வாங்கினேன். திறந்த உடனே அறை முழுக்க மணம். சித்திரை வெயிலுக்குக் கெட்டுப்போகக்கூடாது என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் குப்பிக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கிறது! தேங்காய் எண்ணெய் உறைவதை நம் வீடுகளில் யாருக்குச் சொல்லித் தர வேண்டும்? அசல் சந்தன எண்ணெய் குளிரில் இன்னும் கெட்டியாகும், ஆனால் அப்படி வெள்ளைக் கட்டியாகாது. தேங்காய் எண்ணெயில் ஏதோ செயற்கை வாசனையைக் கலந்து என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது குப்பியைத் தந்தவர் புறக்கோட்டையில் அத்தர் விற்கும் ஒரு நானா. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய கடை. கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தவர், "இங்கே நின்று மணக்க வேண்டாம் மகள், வீட்டுக்குப் போய் மணந்து பாருங்கள், பிடித்தால் நாளைக்கு வாருங்கள்" என்றார். விற்க வந்தவர் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டே 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன்.

மனம் கேட்குமா? ஏறியதுமே மணந்து பார்த்தேன். ஏமாற்றம்தான். பச்சை மரத்தூள், கூடவே வறுத்த கச்சானின் தோல் போல ஏதோ ஒன்று, அவ்வளவுதான். காலிமுகத்திடலில் கடற்காற்று அடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை. கொள்ளுப்பிட்டியில் நெரிசலில் பஸ் நின்றுவிட, கை வியர்த்தது. அப்போதுதான் மெல்ல எழுந்தது. பால் காய்ச்சி ஆடை படியும்போது வருமே ஒரு வாசம், அதை மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்தது போல. இனிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் இனிமை. பம்பலப்பிட்டியில் மறுபடி காணாமல் போனது. வெள்ளவத்தையில் இறங்கி வீட்டுப் படி ஏறும்போது, முகத்துக்கு அருகே கையைக் கொண்டுபோகாமலேயே வந்தது. இரவு படுக்கும்வரை அப்படித்தான், வருவதும் போவதுமாக. மறுநாள் காலையிலேயே நானாவின் கடைக்குப் போய் மூன்று மில்லி வாங்கினேன். விலையைக் கேட்டு என் தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த நிதானத்துக்குக் காரணம் சாந்தலால் என்ற பொருள். ஆல்பா, பீட்டா என்று அதில் இரண்டு வகை. நல்ல இந்தியச் சந்தன எண்ணெயின் பெரும்பகுதி இவைதான். கனமான மூலக்கூறுகள் என்பதால் எலுமிச்சை எண்ணெய் போலப் பாய்ந்து ஓடுவதில்லை, தோலிலேயே தங்கி மெதுவாக ஆவியாகும். வட இந்தியாவின் கன்னோசியில் ரோஜாவையும் மல்லிகையையும் வடிக்கும்போது அந்த ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கிப் பிடித்துவைத்ததும் இதனால்தான். இப்போது விலை தாங்காமல் பலர் மலிவான எண்ணெய்களுக்கு மாறிவிட்டார்கள்.

விலை ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். மரத்தின் வெளிப்பகுதியில் மணமே கிடையாது. நடுவில் இருக்கும் வைரத்தில்தான் எண்ணெய். வைரம் பாயவே பத்துப் பதினைந்து வருடம், நல்ல எண்ணெய்க்கு முப்பது வருடமாவது வேண்டும். வேரிலும் எண்ணெய் நிறைய இருப்பதால் மரத்தை வெட்டுவதில்லை, வேரோடு பிடுங்குகிறார்கள். பிறகு இரண்டு மூன்று நாள் விடாமல் நீராவியில் வடிக்க வேண்டும். மைசூரில் 1916இல் இதற்கு ஆலை வந்ததே முதல் உலகப்போரால்தான். அதுவரை கட்டையாகவே ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், போரில் அந்த வழி அடைபட்டது. நம் நாட்டில் ஊவாப் பக்கம் இந்த மரம் வளர்கிறது.

சோப்பிலும் ஊதுபத்தியிலும் நீங்கள் பழகியது பெரும்பாலும் சாண்டலோர், ஜாவனால் போன்ற செயற்கைப் பொருள்கள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், துளி போட்டாலே பலமாக மணக்கும், காட்டுக்கும் நல்லது. ஆனால் வாசலிலேயே சத்தமாக வரவேற்றுவிட்டுப் பிறகு பேச ஒன்றும் இல்லாத உறவினர் போல, முதல் நிமிடத்தில் சொன்னதையே கடைசிவரை சொல்லிக்கொண்டிருக்கும்.

காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் கறை மறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். சந்தன எண்ணெய் அசலாக இருந்தாலும் கறை நெடுநேரம் நிற்கும். குளிர்சாதனப் பெட்டி பரவாயில்லை, ஆனால் அது தேங்காய் எண்ணெய் போல உறைகிற எண்ணெய்களை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மணிக்கட்டில் வைத்து ஆறு மணி நேரம் காத்திருப்பதே மேல். செஞ்சந்தனம் என்று யாராவது எண்ணெய் நீட்டினால் வாங்காதீர்கள். அது வேறு மரம், அதற்கு மணமே இல்லை.

எண்ணெய்க்குப் பணம் போதாதென்றால் புறக்கோட்டை கபோஸ் லேனில் மருந்துச் சரக்குக் கடைகளில் விரல் நீளச் சந்தனக் கட்டை கேளுங்கள். கல்லில் நீர் விட்டு உரைத்தால் வருவது வெளிறிய மண்ணிறக் குழம்பு. பளீரென்ற மஞ்சளாக இருந்தால் அது சாயம். எண்ணெயைவிடக் குளிர்ச்சியான மணம், ஆனால் சீக்கிரம் போய்விடும். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமைகளில் உரைக்கும் கட்டை அவருடைய கல்யாணத்துக்கு வாங்கியது. இன்னும் பாதி இருக்கிறது. அதை யார் எடுப்பது என்று எனக்கும் தங்கைக்கும் இப்போதே பேச்சு வந்துவிட்டது.